ஊஞ்சலும் நுண்ணலைப் பெருக்கியும்

வாளையாற்றினின்று மேற்கே பாலக்காட்டுக் கணவாய் வழியே செல்லும் நுண்ணலைக்குப் பெருந்தடை ஏதும் இல்லை. கணவாய் ஏறத்தாழ 30 முதல் 40 கிலோமீட்டர் அகலமுடையது. ஆனால் தெற்கே போடிமெட்டை அடைந்தால் நிலைமை முற்றிலும் வேறாகும். நுண்ணலை பெரும்பாலும் நேர்கோட்டிலேயே செல்லும் இயல்பினது. ஆதலின், மலைமுகடு குறுக்கிடும் இடங்களில் கோபுரம் எழுப்பி, வந்த சைகையைப் பெற்று, பெருக்கி, மறுபுறம் செலுத்த வேண்டியுள்ளது. இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், உடும்பஞ்சோலை, பீர்மேடு தாலுக்காக்களில், கண்ணாடியிழை எட்டாத தேயிலை, ஏலத் தோட்டங்களுக்கு இத்தகைய இணைப்பு பெருந்துணையாகும்.

தொடர்பு அறுந்தால் நேருவது யாது என்பதை 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் நிகழ்ந்த நிலச்சரிவு காட்டியது. தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 70 பேர் மாண்டனர். செய்தியோ மறுநாட் காலையிலேதான் வெளியுலகை எட்டியது. அங்கு மழையும் மின்தடையுமே தொடர்பைக் கெடுத்தன, பெருக்கிகளின்மீது குற்றமில்லை. எனினும் மின்சாரம் தடையின்றி இருந்தும் இணைப்பைக் கெடுக்கவல்ல குறை ஒன்று பெருக்கியின் உள்ளேயே மறைந்திருத்தல் கூடும்.

ஒலிபெருக்கியின் முன்னே ஒலிவாங்கியைக் கொண்டு சென்றால் எழும் ஊளையைப் பள்ளி ஆசிரியர் அனைவரும் அறிவர். வெளிவரும் ஆற்றலில் ஒரு பங்கு உள்ளே திரும்பி மீண்டும் பெருக்கப்படுவதே அதன் காரணம். டிரான்சிஸ்டர் பெருக்கியிலும் இவ்வாறே நிகழலாம். இதனை முன்கூட்டி அறிய, ஜான் ரோலெட் 1962ஆம் ஆண்டில் ஓர் எண்ணை வகுத்தளித்தார். உள்வாயிலிலும் வெளிவாயிலிலும் எடுத்த அளவுகளினின்று அவ்வெண்ணைக் கணக்கிடலாம். அது ஒன்றுக்கு மிகுந்து, துணை நிபந்தனையும் நிறைவேறினால், சாதாரணச் சுமை எதை இணைத்தாலும் பெருக்கி நிலைத்திருக்கும் என்பது விதி. ஆனால் இவ்விதி சிறு சைகைக்கே உரியது. அன்றியும், இரு வாயில்களுக்குப் புலப்படாத உட்சுழல்களை அது காண்பதில்லை.

பெருஞ்சைகை பாயும்போது டிரான்சிஸ்டரின் மின்தேக்கம் மாறாது நிற்பதில்லை. மின்னழுத்தத்துடன் அதுவும் ஏறி இறங்குகின்றது. இதன் விளைவை விளக்க ஓணத்து ஊஞ்சலைவிடச் சிறந்த உவமை கிடைப்பது அரிது. ஊஞ்சலில் நின்றாடுவோர் அடியிடத்தில் நிமிர்ந்தும் இரு ஓரங்களிலும் குனிந்தும் உந்துவர். ஊஞ்சல் ஒருமுறை சென்று மீள்வதற்குள் உந்துதல் இருமுறை நிகழ்கின்றது. அதாவது, உந்துதலின் அதிர்வெண்ணில் பாதியே ஆட்டத்தின் அதிர்வெண். உந்துதல் உராய்வை வென்றாலன்றி ஆட்டம் வளராது. அதிரும் கலத்திலுள்ள நீர்ப்பரப்பில் இதே பாதி அதிர்வெண்ணை மைக்கேல் பாரடே 1831இலேயே கண்டறிந்தார்.

இவ்வாறு, 7 கிகாஹெர்ட்ஸ் சைகையைப் பெருக்கும் கருவியில் 3.5 கிகாஹெர்ட்ஸ் அலைவு ஒன்று அழையாமலே தோன்றிவிடும். உள்ளீட்டு ஆற்றல் குறைவாயிருக்கையில் அது காணப்படாது; ஒரு குறிப்பிட்ட எல்லைக்குள் மட்டுமே தலைகாட்டி, ஆற்றல் இன்னும் மிகுந்தபின் மறைந்துவிடுதலும் உண்டு. இத்தகைய குறை உள்ள இடத்தில் பணியாளர் ஆண்டெனாவையும் கேபிளையும் பழிப்பது இயல்பே.

கருவியைச் செய்யுமுன் கணிப்பொறியில் பாவனை செய்து பார்க்கலாமே எனின், ஆங்கும் ஒரு பொறி உண்டு. இத்துறையில் பெரிதும் வழங்கும் முறை, அடிப்படை அதிர்வெண்ணையும் அதன் மடங்குகளையும் மட்டும் எடுத்துக்கொண்டு, மின்னோட்டங்கள் யாவும் சமனாகும் விடையைத் தேடுவது. விடை கிடைக்கும், அது நிலைக்குமா என்பதை அம்முறை சொல்லாது. சுழலாத பம்பரம் ஆணியின் மேல் நேராக நிற்பதும் கணக்கின்படி ஒரு விடையே! பட்டியலில் இல்லாத பாதி அதிர்வெண் எங்ஙனம் விடையில் வரும்?

ஆதலின் கிடைத்த விடையைச் சற்றே தட்டிப் பார்க்க வேண்டும். பெருஞ்சைகை பாய்ந்துகொண்டிருக்கும்போதே சுற்றின் ஒரு முனையில் மிகச் சிறிய மின்னோட்டத்தைச் செலுத்தி, பல அதிர்வெண்களில் அங்கு எழும் மின்னழுத்தத்தைக் கணக்கிடுவர். இவ்விரண்டின் விகிதத்தினின்று துருவங்களைக் கணிப்பர். கலப்பெண் தளத்தின் வலப்பாதியில் துருவம் ஒன்று விழுமாயின், சிறு கலக்கமும் வளர்ந்து அலைவாகும். இதனை ஒவ்வோர் ஆற்றல் நிலைக்கும் திரும்பச் செய்வது இன்றியமையாதது. எம்முனையில் தட்டுவது என்பதும் முக்கியமே. இரு டிரான்சிஸ்டர்கள் இணையாக இயங்குமிடத்து, அவை எதிரெதிராக ஊசலாடினால் பொதுமுனையில் ஒன்றும் தெரியாது; தனித்தனி வாயில்முனையிலேயே சோதிக்க வேண்டும். பரிகாரம் எளிது. இரு வாயில்முனைகளுக்கிடையே ஒரு சிறு மின்தடையை இணைப்பர். முறையான இயக்கத்தில் அதன் இரு பக்கமும் சம அழுத்தம் நிலவுவதால் ஆற்றல் வீணாவதில்லை. எதிரூசல் எழுந்தால் மட்டும் அத்தடை அதனை விழுங்கிவிடும்.

நுண்ணலைக் கருவிகள் இல்லாத பள்ளியிலும் கல்லூரியிலும் இதன் நெருங்கிய உறவினைக் காட்ட இயலும். பால் லின்சே 1981இல் வெளியிட்ட சோதனையை ஒட்டி, 10 மில்லிஹென்றிச் சுருள் ஒன்றையும் ஒரு டயோடையும் தொடராக இணைத்து, அவற்றின் ஒத்ததிர்வெண்ணுக்கு அருகே சைகையாக்கியால் இயக்குக. கடையில் கிடைக்கும் சாதாரணத் திருத்தி டயோடே போதும். வீச்சை மெல்ல உயர்த்துகையில், ஒரே உயரமாயிருந்த முகடுகள் திடீரென ஒன்று நெட்டையும் ஒன்று குட்டையுமாக மாறுவதை அலைகாட்டியில் காணலாம். இலவசமாகக் கிடைக்கும் என்ஜிஸ்பைஸ் நிரலிலும் இச்சுற்றை அமைக்கலாம். ஆனால் டயோடின் மின்தேக்கத்தையும் மின்னேற்றம் நீங்கும் காலத்தையும் மாதிரியில் சேர்க்க மறந்தால், முகடுகள் எவ்வளவு வீச்சிலும் ஒரே உயரமாகவே நிற்கும்.