பத்து வருஷம் சும்மா இருந்த கை

பேகம்பூரில் தோல் ஷாப்பு என்றால் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. சுண்ணாம்புக் குழியில் ஊறப்போட்டு, முடி நீக்கி, சதை சீவி, பதனிட்டு எடுக்கும் வேலை. ஆவாரம்பட்டையில் பதனிட்ட காலத்தில் குரோமியம் என்ற பேச்சே இல்லை. குரோம் உப்பு வந்தபின் வேலை நாள்கணக்கில் முடிந்தது. கூடவே ஒரு கை அரிப்பும் வந்தது. விரல் இடுக்கில் சிவந்து, நீர் கோத்து, வெடித்து, கடைசியில் தோல் தடித்துப்போகும். “பத்து வருஷமா இதே வேலைதானே பாக்குறேன், இப்ப மட்டும் ஏன்?” என்பதுதான் வழக்கமான கேள்வி. பதில் குரோமியத்தில் பாதி, நம் ரத்தத்தில் சுற்றும் டி செல் என்ற நோய் எதிர்ப்புச் செல்லில் பாதி.

டி செல்லுக்கு ஒரு விசித்திரமான குறை உண்டு. எதிரி நேரே வந்து நின்றாலும் பெரும்பாலும் அதற்குத் தெரியாது. வேறொரு செல் அந்தப் பொருளைத் துண்டாக்கி, எச்.எல்.ஏ. என்ற சொந்தப் புரதத்தின் பள்ளத்தில் பொருத்தி, தன் மேற்பரப்பில் தூக்கிக் காட்ட வேண்டும். துண்டையும் அந்தப் புரதத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் டி செல் அடையாளம் காணும். ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் எலிகளை வைத்து ரோல்ஃப் ஜிங்கர்நாகலும் பீட்டர் டோஹர்ட்டியும் 1974-இல் இதைக் கண்டறிந்தார்கள். 1996-இல் நோபல் பரிசு கிடைத்தது.

குரோமியமோ வெறும் உலோக அணு. துண்டாக்க அதில் என்ன இருக்கிறது? அது தோலுக்குள் போய் நம்முடைய புரதத்திலேயே ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியபின் அந்தப் புரதம் டி செல்லுக்கு அந்நியமாகத் தெரிகிறது. தொட்டியில் இருக்கும் குரோம் உப்பு மூன்று இணைதிறன் கொண்டது. நல்ல தோலை அது எளிதில் தாண்டாது. வெடித்த தோல் என்றால் கதை வேறு. பதனிட்ட தோலில் சிறிதளவு ஆறு இணைதிறன் குரோமியமாக மாறுவதும் உண்டு. அது சுலபமாக உள்ளே நுழைந்து, மறுபடி மூன்றாக மாறிப் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும்.

மேல்தோலில் காவல் இருக்கும் லாங்கர்ஹான்ஸ் முதலான செல்கள் இந்தச் சரக்கை எடுத்துக்கொண்டு அக்குள் நிணநீர்க் கணுவுக்குப் போகின்றன. கையில் புண் வந்தால் நெறி கட்டுகிறதே, அதே இடம்தான். அங்கே லட்சக்கணக்கான டி செல்கள் வந்து வந்து பார்த்துவிட்டுப் போகும். தைமஸ் சுரப்பியில் தேறி வரும்போதே ஒவ்வொன்றுக்கும் துண்டைப் பிடிக்க வெவ்வேறு ஏற்பி அமைந்துவிடுகிறது. ஆகவே இந்தத் துண்டுக்குப் பொருந்துவது மிகச் சிலதான்.

பொருந்தினாலும் போதாது. ஜமாஅத் காசோலைக்குத் தலைவர் கையெழுத்தோடு பொருளாளர் கையெழுத்தும் வேண்டும் அல்லவா, அதுபோல இரண்டாவது சைகை ஒன்று தேவை. சரக்கைக் காட்டும் செல் பி7 என்ற புரதத்தை நீட்ட, டி செல் சிடி28 என்ற ஏற்பியால் அதைப் பிடிக்க வேண்டும். பிடி கிடைக்காவிட்டால் டி செல் மரத்துப்போகும். அந்த பி7 எப்போது ஏராளமாக வரும்? தோலில் சேதம் நடக்கிறது என்று, சரக்கைக் காட்டும் செல்லுக்குத் தெரிந்தால்தான். சுண்ணாம்பும் உப்பும் அமிலமும் அரித்த கையில் அந்தச் சேதத்துக்கு என்ன பஞ்சம்? என்னைக் கேட்டால், சுண்ணாம்புப் புண்ணை ‘சாதாரணம்’ என்று விடுவதுதான் இந்தத் தொழிலின் பெரிய அலட்சியம்.

இரண்டும் கிடைத்த டி செல் பெருகி, ஒரு பகுதி நினைவுச் செல்லாகத் தங்கிவிடுகிறது. இதற்குச் சிலருக்கு வாரங்கள் போதும், சிலருக்கு வருஷங்கள். அதற்கப்புறம் கொஞ்சம் குரோமியம் பட்டாலே போதும், ஓரிரு நாளில் கை கொப்புளிக்கும். உடனே வராததால்தான் வேலைக்கும் அரிப்புக்கும் முடிச்சுப் போடத் தெரியாமல் போகிறது. இந்த வகை ஒவ்வாமையை ரத்த நீர் கடத்துவதில்லை, செல்களே கடத்துகின்றன என்று கினிப் பன்றிகளில் லாண்ட்ஸ்டைனரும் சேஸும் 1942-இல் காட்டியபோது, டி செல் என்ற பெயரே பிறக்கவில்லை.

கண்டுபிடிப்பது எளிது. பொட்டாசியம் டைகுரோமேட் கலந்த பட்டையை முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். பிறகு இன்னொரு நாளும் பார்ப்பார்கள். இதுவே பேட்ச் டெஸ்ட்.

நினைவுச் செல் லேசில் மறக்காது. ஷாப்பை விட்டுக் கொத்து வேலைக்குப் போனவருக்கும் அரிப்பு தொடரலாம், ஏனென்றால் சிமென்ட்டிலும் ஆறு இணைதிறன் குரோமியம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் சிமென்ட்டில் அதை 2005 முதல் பத்து லட்சத்தில் 2 பங்குக்குள் கட்டுப்படுத்தியது. தோல் பொருட்களுக்கு 2015-இல் கிலோவுக்கு 3 மில்லிகிராம் என வரம்பு வைத்தது.

கடையில் கேட்டு வாங்கிப் பூசும் ஸ்டீராய்டு களிம்பு டி செல்லைத் தற்காலிகமாக அடக்கும், நினைவை அழிக்காது. தோல் மருத்துவரிடம் போகும்போது என்ன வேலை, எந்தப் பிரிவு என்று முதலிலேயே சொல்லுங்கள். கையுறை கேட்கும்போது தோல் கையுறை வேண்டாம் என்று சொல்லுங்கள். அதுவும் பெரும்பாலும் குரோமில் பதனிட்டதே.