டிராக்டர் டிரெய்லர்

டிராக்டர் டிரெய்லர் என்பது உழவு இயந்திரத்தின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுக்கப்படும், தனக்கென எந்திரம் இல்லாத சுமை வண்டி ஆகும். பின்புறம் சாய்த்துச் சுமையைக் கொட்டும் வகை டிப்பர் எனப்படுகிறது. இந்தியாவின் மோட்டார் வாகனச் சட்டம், 1988 இல் மோட்டார் வாகனம் என்ற சொல்லுக்குள் டிரெய்லரும் அடங்கும். எனவே டிராக்டரைப் போலவே இதற்கும் பதிவு தேவை.

விருதுநகர் - சிவகாசிச் சாலையில் உள்ள ஆமத்தூர் போன்ற கரிசல் நிலச் சிற்றூர்களில் விளைபொருள், எரு, மண், செங்கல் ஆகியவற்றை ஏற்றிச் செல்ல இது பயன்படுகிறது. வயலுக்காக அமைந்த இவ்வண்டி சரக்குந்துகளும் பேருந்துகளும் விரையும் சாலைக்கு வரும்போதுதான் இதன் குறைகள் ஆபத்தாகின்றன.

அமைப்பு

டிரெய்லரில் இரு சக்கர வகை, நான்கு சக்கர வகை என இரண்டு உண்டு. இரு சக்கர வகையில் சுமையின் ஒரு பகுதி முன் தண்டின் வழியாக டிராக்டரின் கொக்கியில் இறங்குகிறது. இதனால் டிராக்டரின் பின் சக்கரங்களுக்குப் பிடிப்புக் கூடுகிறது. சுமை மிகவும் முன்னால் இருந்தால் டிராக்டரின் முன் சக்கரங்கள் இலேசாகித் திருப்பும் ஆற்றல் குறையும். மிகவும் பின்னால் இருந்தால் தண்டு மேலெழும்பிப் பின் சக்கரங்களின் பிடிப்புக் குறையும்.

பழைய டிரெய்லர்கள் பலவற்றில் பிரேக் இல்லை. வண்டித்தொடர் முழுவதையும் டிராக்டரின் பிரேக்கே நிறுத்த வேண்டியுள்ளது.

பழுதுபார்த்தல்

பழைய டிரெய்லரை மீண்டும் பயன்படுத்தும் முன் பின்வருவனவற்றைச் சோதிக்க வேண்டும்.

கொக்கியும் முள்ளும்: தண்டின் நுனி வளையமும் இணைப்பு முள்ளும் உராய்ந்து தேய்கின்றன. தேய்ந்த முள்ளுக்குப் பதிலாகக் கட்டடக் கம்பியையோ சாதாரணப் போல்ட்டையோ செருகுவது தவறு. முள் மேலெழும்பாதபடி பூட்டு ஊசி இருக்க வேண்டும். முள் முறிந்தாலும் டிரெய்லர் பிரிந்து ஓடாமலிருக்கத் தனியே ஒரு சங்கிலியையும் பிணைப்பது நன்று.

சக்கரத் தாங்கிகள்: மறு சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்து, ஒரு சக்கரத்தை ஜாக்கியால் தூக்கி, மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பார்க்க வேண்டும். ஆட்டம் இருந்தாலோ சுழற்றும்போது கரகரப்பு கேட்டாலோ தாங்கியைக் கழற்ற வேண்டும். மண்ணெண்ணெயில் கழுவி உலர்த்தியபின் குழியோ நீலநிறமோ தெரிந்தால் அதை மாற்ற வேண்டும். நல்ல தாங்கிக்குப் புதிய கிரீஸ் இட்டு, நட்டை இறுக்கிப் பின் சற்றே தளர்த்திக் காட்டர் பின்னைச் செருக வேண்டும்.

பட்டைகளும் டயர்களும்: முறிந்த வில் பட்டை, தளர்ந்த யு போல்ட், வெடிப்புள்ள டயர் ஆகியவை சுமையேற்றும் முன்பே மாற்றப்பட வேண்டியவை.

பற்றவைப்பு

சேசிஸ் விரிசலின் மேல் வெறுமனே பற்றவைத்தால் அது மீண்டும் பிளக்கும். விரிசலின் முனையில் சிறு துளையிட்டு, விரிசலைக் குடைந்து நிரப்பிய பின் வலுவூட்டும் தகடு பொருத்துவது முறை. மின் இணைப்பின் மறுமுனையைப் பற்றவைக்கும் இடத்தின் அருகிலேயே மாட்ட வேண்டும். இல்லையெனில் மின்னோட்டம் தாங்கிகளின் ஊடே பாய்ந்து அவற்றைக் கெடுக்கும். டயர் மாட்டிய நிலையில் சக்கர வளையத்தைப் பற்றவைத்தால் டயர் வெடிக்கக்கூடும்.

பட்டாசும் தீப்பெட்டியும் உற்பத்தியாகும் சிவகாசி வட்டாரத்தில் தீப்பொறி பறக்கும் வேலைக்குக் கூடுதல் கவனம் வேண்டும். வெடிமருந்துப் பொருள், காகிதக் கழிவு, வைக்கோல் ஆகியவை உள்ள இடத்துக்கு அருகில் இதைச் செய்யக்கூடாது. பெட்டியில் முன்பு வேதிப்பொருள் ஏற்றியிருந்தால் இடுக்குகள் வரை நீரால் கழுவிய பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.

சாலையில் பாதுகாப்பு

டிராக்டரில் இடம், வலம் எனத் தனித்தனிப் பிரேக் மிதிகள் உண்டு. வயலில் குறுகிய இடத்தில் திரும்ப இவை உதவும். சாலையில் இரண்டையும் தாழிட்டு இணைக்காமல் ஒன்றை மட்டும் மிதித்தால் டிராக்டர் ஒரு பக்கமாகத் திரும்பும். பின்னாலுள்ள சுமை அதைத் தள்ளி மடக்கிக் கவிழ்த்துவிடும்.

இறக்கத்தில் இறங்கும் முன்பே தாழ்ந்த கியருக்கு மாற வேண்டும். நியூட்ரலில் ஓடவிடுதல் கூடாது. வேகம் இரு மடங்கானால் பிரேக் பிடித்த பின் நிற்பதற்கான தொலைவு ஏறத்தாழ நான்கு மடங்காகும். டிரெய்லரைத் தாழ்வான கொக்கியில் மட்டுமே மாட்ட வேண்டும். பின் அச்சுக்கு மேலே மாட்டி இழுத்தால் டிராக்டரின் முன்பகுதி தூக்கி, ஓட்டுநர் மீதே பின்புறமாகக் கவிழக்கூடும்.

இரவில் விளக்கில்லாத டிரெய்லர் பின்னால் வருவோருக்கு, குறிப்பாக இருசக்கர வாகன ஓட்டிகளுக்கு, மிக அருகில் வந்த பிறகே தெரிகிறது. பின்புறம் சிவப்பு விளக்குகளும் சிவப்பு ஒளித்திருப்பிப் பட்டையும், முன்புறம் வெள்ளைப் பட்டையும், பக்கங்களில் மஞ்சள் பட்டையும் இருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஈரக் கரிசல் மண் இவற்றின் மேல் அப்பிக்கொள்வதால், வயலிலிருந்து சாலைக்கு ஏறும் முன் துடைப்பது அவசியம். தீபாவளியும் அதற்கு முந்தைய பட்டாசுச் சரக்குப் போக்குவரத்தும் பெரும்பாலும் இம்மழைக்காலத்தை ஒட்டியே வருகின்றன.

பழுதடைந்து நிற்கும் டிரெய்லரைச் சாலையை விட்டு முழுவதும் ஒதுக்க வேண்டும். சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த கற்களைப் புறப்படும்போது அகற்றாமல் விட்டால் அடுத்து வருவோர் அவற்றில் மோதி விழ நேரிடும். டிப்பரின் பெட்டியை உயர்த்தும் முன் மேலே மின்கம்பி இல்லையென உறுதி செய்வதும், உயர்த்திய பெட்டியின் கீழ் முட்டுக்கட்டை இன்றி எவரும் நுழையாமலிருப்பதும் கட்டாயம்.