புத்தகத்துக்குப் புள்ளி போடும் பிள்ளைகள்

ஒக்டோபர் வந்தால் இலங்கைப் பாடசாலைகளுக்குத் தேசிய வாசிப்பு மாதம். பெரும்பாலும் கட்டுரை, பேச்சு, கவிதைப் போட்டி வைப்பார்கள். சான்றிதழ் கொடுத்ததும் மாதம் முடிந்துவிடும். இவற்றிலெல்லாம் பிள்ளைக்குத்தான் புள்ளி போடுகிறோம். புத்தகத்துக்குப் பிள்ளை புள்ளி போடும் முறை ஒன்று இருக்கிறது. மண்டைதீவு போன்ற சிறிய ஊர்ப் பள்ளிக்கு அது மிகவும் பொருந்தும்.

பிரித்தானியாவில் சிறந்த சிறுவர் நூலுக்கு நூலகர்கள் வழங்கும் கார்னெகி பதக்கம் 1936இல் தொடங்கியது. 1992 முதல் பள்ளி வாசிப்புக் குழுக்களும் அந்த விருதோடு கூடவே நடக்கின்றன. மார்ச் மாதம் இறுதிப் பட்டியல் வரும், முடிவு ஜூனில். இடையில் நடுவர்கள் படிக்கும் அதே நூல்களைப் பிள்ளைகளும் படித்து, கதைப்போக்கு, பாத்திரங்கள், நடை என்று அதே அளவுகோல்களால் எடைபோடுகிறார்கள். பிள்ளைகளின் வாக்கைப் பெற்ற நூலுக்குத் தனி விருதும் உண்டு. 2022இல் நடுவர்கள் கட்யா பாலெனின் நாவலுக்குப் பதக்கம் கொடுத்தார்கள். பிள்ளைகள் தேர்ந்ததோ மஞ்சீத் மானின் நூல். நடுவரோடு ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் பிள்ளைக்கு இல்லை. இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

தமிழில் இதற்கு வாய்ப்பாக இருப்பது இந்திய சாகித்திய அக்காதெமி 2010 முதல் வழங்கும் பால சாகித்திய புரஸ்கார் என்ற சிறுவர் இலக்கிய விருது. முடிவு வருமுன் பட்டியலைப் படித்து முடிக்க அங்கே அவகாசம் கிடைக்காது. ஆகவே முன்பு விருது பெற்றவற்றையே எடுத்துக்கொள்ளலாம்: யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' (2020), உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' (2023), யூமா வாசுகியின் 'தன்வியின் பிறந்தநாள்' (2024). ஈழத்து எழுத்தாளர் ஒருவரின் சிறுவர் நூலையும் கட்டாயம் சேர்க்க வேண்டும். நம் கடலும் நம் பேச்சும் உள்ள கதையைப் பிள்ளைகள் வேறு கண்ணால் படிப்பார்கள்.

குழுவுக்கு எட்டுப் பத்துப் பேர் போதும். நூலுக்கு இரண்டு பிரதி இருந்தால் கைமாற்றிப் படிக்கலாம். மண்டைதீவிலிருந்து பண்ணைப் பாலம் கடந்தால் யாழ்ப்பாணப் பட்டணம். அங்குள்ள புத்தகக் கடையில் இல்லாததைச் சொல்லி எடுப்பிக்கலாம். பள்ளியில் இடமில்லையென்றால் சனசமூக நிலையத்து வாங்கு போதும்.

கடினமான வேலை கலந்துரையாடல்தான். "கதை நல்லாயிருக்கு ரீச்சர்" என்று ஒரு பிள்ளை சொல்லும். அதோடு விடக்கூடாது. "எந்த இடத்தில பிள்ளை? அந்தப் பக்கத்தை எடுத்து வாசி பாப்பம்" என்று கேட்க வேண்டும். வாசித்த பிறகு இன்னொரு பிள்ளை, "அந்த இடத்திலதான் எனக்கு அலுப்படிச்சது" என்று மறுத்தால் கூட்டம் சூடுபிடித்துவிட்டது என்று அர்த்தம். ஆசிரியர் அந்த நேரம் தன் தீர்ப்பைச் சொல்லக்கூடாது. சொன்னால் எல்லோரும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுவார்கள். பரீட்சைக்குப் பழகிய பிள்ளைகள் சரியான விடை எதுவென்று ஆசிரியரின் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அந்தப் பழக்கம் போக இரண்டு மூன்று கூட்டமாவது வேண்டும்.

படித்து முடிக்காத பிள்ளையையும் கூட்டத்தில் இருத்துங்கள். எந்தப் பக்கத்தில் ஏன் விட்டேன் என்று சொல்வதும் விமர்சனம்தான்.

இரண்டாம் தவணையில் தொடங்கினால் ஒக்டோபரில் வாக்கெடுப்பு வைக்கலாம். வாக்கு இரகசியமாக இருக்கட்டும். வென்ற நூலின் ஆசிரியருக்குப் பிள்ளைகள் தங்கள் காரணங்களை எழுதி, பதிப்பகத்தின் முகவரிக்கு அனுப்பலாம். தோற்ற நூலுக்கு விழுந்த வாக்குகளையும் அதே கடிதத்தில் எழுதச் சொல்லுங்கள்.