கணக்கைக் குறைத்தால் ஆட்டம் குறையுமா?

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து 1974-ல் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற விளையாட்டு வெளிவந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவரின் ஆக்கம் அது. ஒரு பெட்டி, உள்ளே மூன்று சிறு புத்தகங்கள், முதல் அச்சு 1,000 பிரதிகள். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து போர்வீரன், மந்திரவாதி, பூசாரி என்று ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பார்கள். ஆட்டத்தை நடத்துபவர் கதையைச் சொல்லிக்கொண்டே வந்து, “கதவுக்குப் பின்னால் உறுமல் கேட்கிறது, என்ன செய்கிறீர்கள்?” என்று நிறுத்துவார். ஆடுபவர்கள் தங்கள் முடிவைச் சொல்வார்கள். அது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். இவ்வளவு எளிய அடிப்படை கொண்ட ஆட்டத்தின் விதிகள் பின்னர் பெருத்துக்கொண்டே போயின. அவற்றை இளைக்க வைக்கும் முயற்சியும் கூடவே நடந்தது. விதியைக் குறைத்தால் ஆட்டத்தின் ஆழம் போய்விடும் என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. ஆனால் ஐம்பது ஆண்டு அனுபவத்தைப் பார்த்தால், ஆழம் தருவது ஆடுபவர் எடுக்கும் முடிவுகள்தான், அவர் போடும் கணக்குகள் அல்ல என்பது விளங்கும்.

விதிகள் ஏன் பெருத்தன? சிறு பொம்மைப் படைகளை வைத்து ஆடும் போர் விளையாட்டுகளிலிருந்து பிறந்தது இது. அந்த மரபில் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு அட்டவணை உண்டு. புதிதாக ஒரு சிக்கல் வரும்போதெல்லாம் அதற்கென்று தனி விதி எழுதப்பட்டது. 1977 முதல் 1979 வரை வெளிவந்த ‘அட்வான்ஸ்ட்’ பதிப்பின் மூன்று தொகுதிகளில் வாள் வீச்சுக்கு இருபது முகப் பகடை, பூட்டைத் திறக்க சதவீதக் கணக்கு, அடைபட்ட கதவைத் தள்ள ஆறு முகப் பகடை. ஓரிடத்தில் பெரிய எண் விழுந்தால் வெற்றி, இன்னோரிடத்தில் சிறிய எண் விழுந்தால் வெற்றி. எந்த ஆயுதம் எந்தக் கவசத்தின் மேல் எப்படிப் பாயும் என்பதற்கும் அட்டவணை இருந்தது. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் நியாயம் உண்டு. மொத்தமாகச் சேர்ந்தபோது புதிதாக வருபவர் திணறினார். இந்தக் குறை தொடக்கத்திலேயே உணரப்பட்டது. முதல் விதிப் புத்தகங்கள் புரியும்படி இல்லை என்று கருதிய கென் செயின்ட் ஆண்ட்ரே, 1975-லேயே வீடுகளில் கிடைக்கும் ஆறு முகப் பகடை மட்டும் போதும் என்று ‘டனல்ஸ் அண்ட் டிரால்ஸ்’ ஆட்டத்தை எழுதிவிட்டார். 1977-ல் நரம்பியல் மருத்துவரான எரிக் ஹோம்ஸ், புதியவர்களுக்கென்று மூல விதிகளைத் திருத்தித் தொகுத்துத் தந்தார்.

எளிமையாக்கல் எதையும் இழக்காமல் நடக்கலாம் என்பதற்கு ஒரு நல்ல சான்று தாக்குதல் கணக்கு. 1989-ல் வந்த இரண்டாம் பதிப்பில் கவசத்துக்கு ஓர் எண் உண்டு. கவசம் வலுவாக ஆக அந்த எண் குறையும், பூஜ்யத்தைத் தாண்டி மைனஸிலும் போகும். தாக்குபவருக்கு ‘தாக்கோ’ என்றொரு எண். தாக்கோ 17 உள்ள வீரன் கவச எண் 3 உள்ள எதிரியை வெட்ட வேண்டுமானால் 17-லிருந்து 3-ஐக் கழித்து, பகடையில் 14 அல்லது அதற்கு மேல் போட வேண்டும். எதிரியின் கவசம் மைனஸ் 2 என்றால் கழித்தல் கூட்டலாக மாறி 19 தேவைப்படும். 2000-ல் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் கொண்டுவந்த மூன்றாம் பதிப்பு இதைத் திருப்பிப் போட்டது. கவசம் வலுவானால் எண் கூடும். பகடையோடு திறமையைக் கூட்டி, கவச எண்ணைத் தொட்டால் அடி விழும். முதலில் சொன்ன எதிரிக்கு இப்போது கவச எண் 17, அதே வீரனுக்குத் திறமை 3. பகடையில் வேண்டியது பழையபடி 14-தான். வெற்றி வாய்ப்பு அன்றும் 35 சதவீதம், இன்றும் 35 சதவீதம். மாறியது ஒன்றே: கழித்தலும் மைனஸும் போய்க் கூட்டல் வந்தது. பூட்டைத் திறப்பதும் சுவரேறுவதும் இதே முறைக்குள் அடங்கின. ஒரு விதியைக் கற்றவர் பத்து இடங்களில் பயன்படுத்த முடிந்தது.

எல்லாச் சுருக்கமும் இப்படி இலவசமாக வருவதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்றாம் பதிப்பில் மேட்டில் நின்றால் 1 கூடும், எதிரியை இருபுறமும் வளைத்தால் 2 கூடும், கண்ணுக்குத் தெரியாமல் தாக்கினால் இன்னொரு 2. இப்படி ஒவ்வொரு வீச்சுக்கும் பட்டியல் போட வேண்டியிருந்தது. 2014-ன் ஐந்தாம் பதிப்பு, நிலைமை சாதகமாக இருந்தால் இரண்டு பகடை போட்டுப் பெரியதை எடு, பாதகமாக இருந்தால் சிறியதை எடு என்று அந்தப் பட்டியலின் பெரும்பகுதியை முடித்துவிட்டது. 11 தேவைப்படும் இடத்தில் 50 சதவீத வாய்ப்பு, சாதகம் இருந்தால் 75 ஆகிறது. எதிரி ஏமாந்த நேரம் பார்த்துப் பாய்ந்தவருக்கு அந்தப் பலன் கையிலேயே தெரியும். ஆனால் மூன்று சாதகங்கள் சேர்ந்தாலும் பலன் ஒன்றுக்கு உரியதுதான். ஒரே ஒரு பாதகம் வந்தாலும் அத்தனையும் ரத்து. நுணுக்கம் குறைகிறது என்ற குற்றச்சாட்டு இங்கே உண்மை. இருந்தும் இந்தப் பேரம் லாபமானது. இரண்டைக் கூட்டலாமா, ஒன்றைக் கூட்டலாமா என்று தேடுவதில் ஆடுபவர் எந்த முடிவும் எடுப்பதில்லை. மேட்டில் ஏறுவதா, பதுங்குவதா என்பதுதான் முடிவு, அது அப்படியே நிற்கிறது. அதே பதிப்பு 300-க்கும் மேற்பட்ட மந்திரங்களைக் குறைக்காமல் வைத்திருக்கிறது. ஒவ்வொரு மந்திரமும் ஒரு தேர்வு என்பதால் அந்தப் பருமன் தகும். இதே 2014-ல் வெளியான கிறிஸ் மெக்டோவலின் ‘இன்டு தி ஆட்’ இன்னும் ஒரு படி போய், அடி படுமா என்று பகடை போடுவதையே நீக்கியது. அங்கே வீசிய அடி தானாகவே படும். அதனால் சண்டைக்குப் போகலாமா, பேசித் தப்பலாமா என்ற யோசனை முன்பைவிடக் கனமாகிறது.

இதைவிட வலுவான ஆட்சேபம் நியாயம் பற்றியது. விதி இல்லாத இடத்தில் நடத்துபவரின் விருப்பமே சட்டமாகிவிடாதா? ஆகும் என்பதற்கு இந்த ஆட்டத்தின் மூதாதையிடமே சாட்சி இருக்கிறது. 1824-ல் பிரஷ்ய ராணுவத்தில் ரைஸ்விட்ஸ் அறிமுகப்படுத்திய ‘கிரீக்ஸ்பீல்’ போர்ப் பயிற்சி ஆட்டம் அட்டவணையும் பகடையும் நிறைந்தது. அதன் வேகக் குறைவைக் கண்டு 1876-ல் வெர்டி டு வெர்னுவா என்ற தளபதி, அட்டவணைகளைத் தள்ளிவிட்டு நடுவரான அதிகாரியின் அறிவே தீர்ப்புச் சொல்லட்டும் என்றார். போரைக் கண்ட அதிகாரி நடுவராக இருக்கும்வரை அது செல்லுபடியாகும். முதல்முறை ஆட்டம் நடத்தும் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அந்த அனுபவம் இல்லை. அவரிடம் இரண்டு பக்க விதியைக் கொடுத்து மீதியை நீயே முடிவு செய் என்றால், புத்தகத்தின் சுமை அவர் தலையில் ஏறுகிறது, ஆட்டத்தில் சண்டையும் வருகிறது. நம் தெருக் கிரிக்கெட் இதைச் சரியாகப் புரிந்துவைத்திருக்கிறது. நடுநிலையான அம்பயர் இல்லாததால் எல்.பி.டபிள்யூ.வே வேண்டாம் என்று வைப்பார்கள். யார் தீர்ப்புச் சொல்லப்போகிறார் என்று பார்த்து வெட்டுவதுதான் நல்ல வெட்டு. ஆகவே ஆட்டத்தில் அடிக்கடி வரும் கேள்விகளுக்கும், ஒரு பாத்திரத்தின் உயிர் போகிற கேள்விகளுக்கும் தெளிவான விதி இருந்தே ஆக வேண்டும். எப்போதோ ஒருமுறை வருவதை நடத்துபவரிடம் விடலாம்.

விதிகளைத் திருத்த நினைப்பவர் ஒவ்வொன்றையும் கையில் எடுத்து இரண்டு கேள்வி கேட்டால் போதும். இது ஆடுபவருக்கு ஒரு முடிவைத் தருகிறதா? இதை எடுத்துவிட்டால் மேசையில் தகராறு வருமா? இரண்டுக்கும் இல்லை என்று பதில் வந்தால், எவ்வளவு பழைய விதியானாலும் போகட்டும். ஒன்றுக்கு ஆம் என்றாலும் இருக்கட்டும். இதைச் செய்துபார்க்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டுவிட்டது. மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டால் எவரும் அதை எடுத்துச் சுருக்கலாம், மாற்றலாம், தமிழிலும் எழுதலாம். ஆர்வமுள்ளவர்கள் அந்தத் தொகுப்பிலிருந்தே தொடங்குங்கள்.