உப்புக்கு மேல் நிற்கும் நல்ல தண்ணீர்

போன வருஷம் கோடை விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் சென்னையிலிருந்து வந்திருந்தார்கள். இரண்டு நாள் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்த பெரியவன், "தாத்தா, இங்க தண்ணியே இல்லையே, எதுல குளிக்கிறது?" என்று கேட்டான்.

அவன் கேட்டதில் தப்பில்லை. திண்டுக்கல்லை ஒட்டிய எங்கள் நாலு ஏக்கரில் இரண்டு போர் இருக்கின்றன. முதல் போர் 450 அடி. 2017 வறட்சியில் வெறும் காற்றுதான் வந்தது. இரண்டாவது 720 அடி. கோடையில் அரை மணி நேரம் ஓடும். அதுவும் சொட்டுநீர்க் குழாய் வாயில் வெள்ளையாக உப்புப் பூக்கும் தண்ணீர். மூன்றாவதாக 1,000 அடி போட மூன்று லட்சம் ரூபாய் எடுத்து வைத்திருந்தேன். வைகாசிக் கடைசியில் வண்டி வருவதாகப் பேச்சு.

அதற்கு முன்னால் பிள்ளைகளோடு வேதாரண்யம் பக்கம் தங்கச்சி வீட்டுக்குப் பத்து நாள் போய் வரலாம் என்று கிளம்பினோம். வங்கி வேலையில் நான் அந்தப் பக்கம் இருந்தபோது பார்த்து முடித்த சம்பந்தம் அது. திருச்சி, தஞ்சாவூர், திருத்துறைப்பூண்டி என்று பஸ் மாறிப் போய் இறங்கினால், கருப்பம்புலம், ஆயக்காரன்புலம், செட்டிப்புலம் என்று வரிசையாகப் புலங்கள். பழைய கடற்கரை மணல் மேடுகள் இன்று மா, தென்னை, முல்லைத் தோட்டமாகியிருக்கின்றன. ராத்திரி காற்று திரும்பினால் படுக்கையில் கடல் சத்தம் கேட்கும்.

மறுநாள் விடியுமுன் தங்கச்சியோடு முல்லை மொட்டுப் பறிக்கப் போன பிள்ளைகள், தோட்டத்து மூலையிலிருந்த குட்டையைப் பார்த்ததும் பூவை மறந்துவிட்டார்கள். பத்தடி ஆழம்கூட இருக்காது. சித்திரை வெயிலிலும் இடுப்பளவு தண்ணீர். பெரியவன் கையில் அள்ளிக் குடித்துப் பார்த்து, "கடல் பக்கத்துலதான இருக்கு, ஏன் உப்புக் கரிக்கல?" என்றான்.

மாப்பிள்ளை சிரித்தார். "தம்பி, இது மழை குடுத்த தண்ணி. மணல் உறிஞ்சி வச்சிருக்கு. இதுக்கும் கீழ கிடக்கிறது கடல் தண்ணி. ரெண்டும் சண்டை போடாம இருக்கிற வரைக்கும்தான் நமக்கு விவசாயம்."

அவர் சொன்னதற்குப் பின்னால் கணக்கு இருக்கிறது. கடல் நீர் கனமானது. ஒரு லிட்டருக்குச் சுமார் 25 கிராம் கூடுதல் எடை. அதனால் மணலுக்குள் மழைநீர் அதன் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும். நூறு வருஷத்துக்கு முன்பே டச்சு, ஜெர்மன் ஆய்வாளர்கள் கண்டு சொன்னது இது. இதையே திருப்பிப் பாருங்கள்: மேலே ஒரு அடி நிரந்தரமாக இறங்கினால், கீழிருந்து உப்பு நாளடைவில் 40 அடி ஏறும்.

ஆகவே அங்கே ஆழமாகத் தோண்டுவது கெட்டிக்காரத்தனம் இல்லை. மாப்பிள்ளை சின்ன மோட்டாரை ஒரு மணி நேரம் ஓட்டுவார், குட்டை ஊறும் வரை நிறுத்திவிடுவார். காய்கறிப் பாத்திக்குக் குடத்தில் மொண்டுதான் ஊற்றுகிறார்கள். மணல் தண்ணீரைப் பிடிக்காது என்பதால் தென்னை மட்டை, முல்லை கவாத்துக் கழிவு எல்லாம் மூடாக்கு. குளத்து வண்டலும் மாட்டு எருவும் வருஷம் தவறாமல் போகிறது. பக்கத்தில் ஒருவர் ஆசைப்பட்டு ஆழக் குழாய் இறக்கி, நாலே வருஷத்தில் தண்ணீர் கரிக்க ஆரம்பித்து, அவர் தென்னையோடு அண்டைத் தோட்டத்துக் குட்டையும் கெட்டதாம்.

அந்த மண் பட்ட அடிகளும் கொஞ்சமல்ல. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகை மாவட்ட வயல்களில் கடல் ஏறி நின்றது. தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது, மழைநீரைக் கட்டி உப்பை வடித்து, மண்ணை மீட்ட கதையும் அதில் நம்மாழ்வார் ஐயாவின் உழைப்பும் நம் வாசகர்களுக்குத் தெரிந்ததே. 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் அங்கேதான் கரையேறியது. அன்றைக்கே திண்டுக்கல் வழியாகவும் போனது. தங்கச்சி தோட்டத்தில் 60 தென்னையில் 11 மிச்சம். இப்போது நிற்பதெல்லாம் அதற்குப் பிறகு வைத்த கன்றுகள்.

ஒருநாள் அகஸ்தியன்பள்ளி உப்பளம் பார்க்கப் போனோம். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளிய இடம் என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். சின்னவள் பாத்தியைக் காட்டி, "தண்ணி எங்க போச்சு?" என்றாள். "வெயில் குடிச்சிருச்சு. உப்பை மட்டும் விட்டுட்டுப் போயிருச்சு" என்றேன். சொல்லி முடித்ததும் எனக்கு எங்கள் சொட்டுநீர்க் குழாய் ஞாபகம் வந்தது. 720 அடிக்குக் கீழிருந்து உவர்நீரை எடுத்து வெயிலில் விட்டு, நானும் உப்பளம்தான் நடத்திக்கொண்டிருக்கிறேன்.

அன்று ராத்திரி மாப்பிள்ளையிடம் மூன்றாவது போர் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மச்சான், எங்களுக்கு உப்பு காவல் நிக்குது, அதனால அளவோட எடுக்கிறோம். உங்களுக்குத் தடுக்க ஆளில்ல, அவ்வளவுதான்" என்றார்.

தூக்கம் வரவில்லை. வங்கியில் இருந்தபோது எத்தனை போர்க் கடனுக்குக் கையெழுத்துப் போட்டிருப்பேன்! ஆழம் எத்தனை அடி, மோட்டார் எத்தனை குதிரைத்திறன், தவணை எத்தனை வருஷம் என்றெல்லாம் கேட்டேன். அந்தக் குழிக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று ஒருவரையும் கேட்டதில்லை. தண்ணீர் வற்றிய பிறகும் தவணை கட்ட வந்து நின்ற முகங்கள் சில இன்னும் மறக்கவில்லை.

ஊர் திரும்பியதும் போர் வண்டிக்காரருக்குப் போன் செய்து வேண்டாம் என்றேன். வீட்டம்மா, "முருங்கை காஞ்சா யார் பொறுப்பு?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

செய்தது இவ்வளவுதான். போர் வந்ததும் கைவிட்ட 55 அடி பழைய கிணற்றைத் தூர் வாரினோம். வாய்க்கால் மழைநீரை வண்டல் தங்கும் குழி ஒன்றில் தேக்கித் தெளியவிட்டு, கிணற்றுக்குத் திருப்பினோம். சரிவுக்குக் குறுக்கே கோடை உழவு ஓட்டி வரப்புகளை உயர்த்தினோம். ஆவணி மழைக்கு ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தருணத்தில், 45 நாளில் மடக்கி உழுதோம். தண்ணீர் கேட்கும் ஒரு ஏக்கரைச் சோளத்துக்கு மாற்றினோம். முருங்கைக்கு அடியில் மூடாக்கு. செலவு ஒரு லட்சத்துப் பத்தாயிரம்.

ஐப்பசி மழையில் கிணற்றில் 30 அடி தண்ணீர் நின்றது. இந்தப் பங்குனியில் 12 அடி இருந்தது. முருங்கைக்கு வாரம் ஒரு தண்ணீர் தாங்கியது. காய்ப்பு கொஞ்சம் குறைவு. ஒரு வருஷ மழையை வைத்து ஜெயித்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். மழை பொய்க்கும் வருஷம்தான் உண்மையான பரீட்சை.

போர் போட நினைக்கும் நண்பர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். வண்டிக்கு முன்பணம் கொடுக்கும் முன், தூர்ந்துபோன பழைய கிணறு உங்கள் நிலத்தில் இருக்கிறதா என்று ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

இந்தக் கோடைக்கும் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். பெரியவன் கிணற்றுப் படியில் இறங்கி நீச்சல் பழகுகிறான்.