விரலைக் கடித்தது மெஷின்... காரணத்தை மறைக்கலாமா?

2012-ம் வருஷம், ஐப்பசி அடைமழை. கோவையில் என் மருத்துவமனைக்கு ஓர் இளைஞரை அழைத்து வந்தார் ஒரு பட்டறை முதலாளி. இளைஞருக்கு இருபத்தாறு வயது இருக்கும். வலது கையில் பெரிய கட்டு. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு போயிருந்தன. ஆஸ்பத்திரியில் தையல் போட்டுப் பத்து நாள் ஆகியும் வீக்கமும் வலியும் குறையவில்லை என்று என்னிடம் வந்திருந்தார்கள்.

''எப்படி ஆச்சு தம்பி?'' என்றேன்.

அவர் வாயைத் திறப்பதற்குள் முதலாளி முந்திக்கொண்டார். ''வீட்டுல இரும்புக் கதவு இடுக்குல மாட்டிக்கிச்சுங்க டாக்டர்.'' இளைஞர் தலையைக் குனிந்துகொண்டார்.

கதவு இடுக்கில் இரண்டு விரல் இப்படித் துண்டாகுமா என்று எனக்கு அப்போதே சந்தேகம் தட்டியது. ஆனாலும் தோண்டிக் கேட்கவில்லை. நோயாளிச் சீட்டில் அதையே எழுதினேன். ஒரு மாதம் ஓய்வு தேவை என்று சான்றிதழும் கொடுத்தேன். அதிலும் அதே கதவுதான்!

இத்தனை வருஷ வைத்தியத்தில் நான் எழுதிய சீட்டுகளுக்குக் கணக்கில்லை. நினைத்தால் இன்றைக்கும் வெட்கப்படுகிற சீட்டு அது ஒன்றுதான்.

எட்டு மாதம் கழித்து...

அதே இளைஞர், இந்த முறை மனைவியோடு வந்தார். உண்மை அப்போதுதான் வெளியே வந்தது. விரலைத் துண்டித்தது கதவு இல்லை; தகட்டை வெட்டி வடிவம் கொடுக்கும் பவர் பிரஸ். காலால் பெடலை ஒரு தடவை மிதித்தால் மேல்பாகம் ஒரு தடவைதான் இறங்கவேண்டும். அந்த மெஷினில் கிளட்ச் தேய்ந்துபோய், மிதிக்காமலே இரண்டாம் தடவையும் இறங்கியிருக்கிறது. ''ஒரு வாரமா சூப்பர்வைசர்கிட்ட சொல்லிட்டே இருந்தேனுங்க. ஆர்டர் முடியட்டும், பார்த்துக்கலாம்னாங்க'' என்றார். கை உள்ளே போகாமல் தடுக்கும் பாதுகாப்புத் தடுப்பும் அதில் கிடையாது.

ஆஸ்பத்திரிச் செலவைக் கட்டிய முதலாளி, கையில் இருபதாயிரம் ரூபாய் கொடுத்து, 'இனி எந்தப் பாத்தியதையும் இல்லை' என்று முத்திரைத்தாளில் கையெழுத்தும் வாங்கிவிட்டார். பிறகு வேலையும் போயிற்று. நஷ்டஈடு கேட்டால், ''டாக்டரே வீட்டுக் கதவுன்னு எழுதியிருக்காரே!'' என்று என் சான்றிதழைக் காட்டுகிறார்களாம்.

''அன்னிக்கே ஏம்ப்பா சொல்லலை?''

''செலவு பூராவும் அவர்தாங்க பார்த்தார். அதுபோக, கையை உள்ளே விட்டது நான்தானுங்களே... என்மேலயும் தப்பு இருக்குதில்லைங்க?''

தப்பு யார் மேல்?

இந்தக் கேள்விதான் எத்தனையோ பேருடைய வாயை அடைத்துவிடுகிறது. அதனால் இதைக் கவனமாகப் படியுங்கள்.

வேலையினால், வேலை நேரத்தில் காயம் ஏற்பட்டால் நஷ்டஈடு தரவேண்டியது முதலாளியின் பொறுப்பு. 1923-ம் வருஷத்துச் சட்டம் இதைச் சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இதையே சொல்கிறது. மெஷின் பழுது என்று நீங்கள் நிரூபித்தாக வேண்டும் என்பதில்லை. 'கொஞ்சம் கவனக்குறைவாக இருந்துவிட்டேன்' என்பதால் உரிமை போய்விடாது. குடிபோதையில் இருந்தது, பாதுகாப்பு உத்தரவை வேண்டுமென்றே மீறியது, பாதுகாப்புத் தடுப்பைத் தெரிந்தே கழற்றியது... இப்படிச் சில விஷயங்களில்தான் மறுக்க முடியும். மரணம் அல்லது நிரந்தர முழு ஊனம் என்றால் இந்தக் காரணங்களும் செல்லாது.

'எதுவும் கேட்கமாட்டேன்' என்று எழுதிக் கொடுத்துவிட்டாலும் பயப்படாதீர்கள். நஷ்டஈட்டு உரிமையைப் பறிக்கும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது.

எவ்வளவு கிடைக்கும்?

முதலில் இ.எஸ்.ஐ. இருக்கிறதா என்று பாருங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலைகள் இதில் வரும். 2017 ஜனவரியில் நிர்ணயித்த சம்பள உச்சவரம்பு மாதம் 21,000 ரூபாய். இ.எஸ்.ஐ. இருந்தால் பணம் முதலாளியிடமிருந்து அல்ல, இ.எஸ்.ஐ. கழகத்திடமிருந்து வரும். வேலைக்கு வர முடியாத நாட்களுக்குத் தினச் சம்பளத்தில் சுமார் 90 சதவீதம். நிரந்தர ஊனம் என்றால், மருத்துவக் குழு சொல்லும் சதவீதப்படி மாதாமாதம் தொகை. சேர்ந்த முதல் நாளே விபத்து நடந்தாலும் இது உண்டு.

இ.எஸ்.ஐ. இல்லாவிட்டால்தான் முதலாளி தரவேண்டும். எந்த உறுப்புக்கு எவ்வளவு என்று சட்டத்திலேயே அட்டவணை இருக்கிறது. கட்டைவிரல் போனால் 30 சதவீதம், ஒரு கையில் இரண்டு விரல் போனால் 20, நான்கு விரல் போனால் 50 சதவீத உழைப்புத் திறன் இழப்பு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா? வயது 30, மாதச் சம்பளம் 12,000 என்று வையுங்கள். சம்பளத்தில் 60 சதவீதம் 7,200. முப்பது வயதுக்குச் சட்டம் தரும் எண் 207.98. இரண்டையும் பெருக்கினால் 14,97,456. இரண்டு விரலுக்கு அதில் 20 சதவீதம், ஏறக்குறைய 2,99,500 ரூபாய். இதைத்தான் பலர் பத்துக்கும் இருபதுக்கும் விட்டுக்கொடுத்து வருகிறார்கள்! ஆஸ்பத்திரிச் செலவு தனி. அதைக் காட்டி இதில் கழிக்க முடியாது. ஒரு மாதத்துக்கு மேல் தாமதித்தால் 12 சதவீத வட்டியும் சேரும்.

முதல் ஒரு மணி நேரம்

பணம் இருக்கட்டும், முதலில் கையைக் காப்பாற்றுவோம். சுத்தமான துணியால் காயத்தை அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வையுங்கள். மோதிரம் இருந்தால் வீங்குவதற்குள் கழற்றுங்கள். மஞ்சள், காபித்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். நான் சித்த வைத்தியன்தான், நானே சொல்கிறேன்... வேண்டாம்!

துண்டான விரலைத் தேடி எடுங்கள். ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, அந்தப் பையை ஐஸ் மேல் வையுங்கள். விரல் நேராக ஐஸில் படக்கூடாது. உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். முதலில் என் போன்றவர்களிடம் வரவேண்டாம்.

முதல் சீட்டில் உண்மை

ஆஸ்பத்திரியில் 'எப்படி ஆச்சு?' என்று கேட்பார்கள். அதற்கு நீங்கள் சொல்லும் பதில்தான் விபத்துப் பதிவேட்டில் ஏறும். எந்த மெஷின், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில்... உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். கூடப் போகிறவரும் அதையே சொல்லட்டும். அந்தப் பதிவின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

வீட்டிலுள்ளவர்கள் அடுத்த சில நாட்களில் செய்யவேண்டியவை: மெஷினின் போட்டோ, பக்கத்தில் நின்றவர்களின் பெயர், சம்பளம் வந்ததற்கான ஆதாரம், எல்லா டிஸ்சார்ஜ் காகிதங்களும் ஒரே பையில் இருக்கட்டும். விபத்தைப் பற்றி முதலாளிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து வேண்டவே வேண்டாம். முதலாளி தர மறுத்தால் தொழிலாளர் துறையில் இதற்கென உள்ள அதிகாரியிடம் மனுப் போடலாம். பழைய சட்டத்தில் கெடு இரண்டு வருஷம். அதை மனதில் வைத்துச் சீக்கிரமே போடுங்கள். வக்கீலுக்குப் பணம் இல்லையா? மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் தொழிலாளர்களுக்கு இலவச உதவி உண்டு.

காயம் ஆறிய பிறகு

தையல் பிரித்து, புண் முழுக்க ஆறி, அறுவை செய்த டாக்டரும் சரி என்ற பிறகு எண்ணெய் தடவி மெதுவாக நீவிவிடுவது தழும்பை இளக்கும், விறைப்பு குறையும். சப்பாத்தி மாவு பிசைவது, ஸ்பாஞ்சுப் பந்தை அமுக்குவது எல்லாம் நல்ல பயிற்சி. ஆனால் உணர்ச்சி மரத்த இடத்தில் சூடான ஒற்றடம் கூடாது. சுடுவது தெரியாமலே கொப்புளித்துவிடும். ''இல்லாத விரல் அரிக்குதுங்க'' என்று சிலர் சொல்வார்கள். அது பிரமை இல்லை, நரம்பு செய்யும் வேலை. கேலி செய்யாதீர்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

உங்களில் சிலர் மாவு மில்லோ, ஓட்டலோ, சின்னப் பட்டறையோ நடத்துபவராக இருக்கலாம். உங்களுக்கும் ஒரு வார்த்தை. 'மெஷின் சரியில்லீங்க' என்று வேலையாள் சொன்ன அன்றைக்கே அதை நிறுத்துங்கள். ஆட்களுக்கு நஷ்டஈட்டு இன்ஷூரன்ஸ் எடுத்து வையுங்கள். பிறகு பொய் சொல்லவேண்டிய அவசியமே வராது.

சரி, அந்த இளைஞர் என்ன ஆனார்? வழக்குப் போட்டார். அதிகாரி முன்னால் நானே போய் நின்றேன். ''முதலாளி சொன்னதை விசாரிக்காமல் எழுதினேன். காயம் கதவால் வந்ததாகத் தெரியவில்லை'' என்றேன். என் பேச்சைவிட அவரைக் காப்பாற்றியது வேறொன்று. விபத்தன்று ரத்தம் சொட்டச் சொட்ட அவரை ஆட்டோவில் கொண்டுபோன சக தொழிலாளி, ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் 'பிரஸ் மெஷினில் சிக்கியது' என்று சொல்லி வைத்திருந்தார்! அந்த ஒரு வரியால் நஷ்டஈடு கிடைத்தது. அதில் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்தார்.

அன்றிலிருந்து என்னிடம் அடிபட்டு யார் வந்தாலும், கூட வந்தவர்களைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொல்லிவிடுகிறேன். பிறகுதான் கேட்கிறேன், ''எப்படி ஆச்சு தம்பி?''