அடுப்பும் பத்துச் சிவப்புக் கட்டைகளும்

அக்கா மகள் பத்தாம் வகுப்பு. போன ஞாயிற்றுக்கிழமை அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்துவிட்டு நின்றிருந்தேன். வேதியியல் நோட்டோடு வந்தாள். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து தண்ணீர் ஆகிற சமன்பாட்டைச் சமன் செய்ய வேண்டுமாம். இடப்பக்கம் ஆக்சிஜன் இரண்டு, வலப்பக்கம் ஒன்று. அவள் வலப்பக்க ஆக்சிஜனின் காலடியில் சின்னதாக ஒரு 2 போட்டு முடித்திருந்தாள்.

கணக்கு சரி. பொருள்தான் மாறிப்போனது. அது இப்போது தண்ணீர் இல்லை. தலைமுடியை வெளுக்க வைக்கிற ஹைட்ரஜன் பெராக்சைடு.

விதி தெரியாத பெண் இல்லை. காகிதத்தில் ஒரு 2 போட ஒரு செலவும் கிடையாது, அவ்வளவுதான். தம்பியின் லெகோ டப்பாவை எடுத்துவரச் சொன்னேன்.

கறுப்பு கார்பன், வெள்ளை ஹைட்ரஜன், சிவப்பு ஆக்சிஜன். நிறங்களை நான் இட்டுக்கட்டவில்லை. 1865இல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் ஆகஸ்ட் வில்ஹெல்ம் ஹோஃப்மான் என்ற வேதியியலாளர், புல்தரையில் மரச்சுத்தியால் தட்டி ஆடும் குரோக்கே பந்துகளில் குச்சி செருகி மூலக்கூறுகளைக் காட்டினார். அப்போது அவர் வைத்த நிறங்கள்தாம் இவை. விளையாட்டுச் சாமானை வைத்து வேதியியல் சொல்வது பழைய வழக்கம்.

வெள்ளை இரண்டை மாட்டினால் ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறு. சிவப்பு இரண்டை மாட்டினால் ஒரு ஆக்சிஜன். இரண்டையும் பிரித்துத் தண்ணீர் கட்டச் சொன்னேன். ஒரு சிவப்பு, இரண்டு வெள்ளை. கட்டிவிட்டாள். கையில் ஒரு சிவப்பு மிச்சம்.

“இதை என்ன மாமா பண்றது? டப்பால போட்டுடவா?”

“கூடாது. எடுத்ததைத் திருப்பிப் போடக்கூடாது.”

கொஞ்ச நேரம் அதை உருட்டிக்கொண்டிருந்தவள், தானே இன்னொரு வெள்ளை ஜோடியை எடுத்தாள். இரண்டு தண்ணீர். முன்னால் போட வேண்டிய கெழு இரண்டும் மேசையிலேயே கிடந்தன. பொருண்மை அழியாது என்று மனப்பாடம் செய்ததற்கும் அந்த ஒற்றைச் சிவப்பு கையை உறுத்தியதற்கும் வித்தியாசம் உண்டு.

அடுத்து அடுப்புக்கே வந்தோம். நம் சிலிண்டரில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும். புரோப்பேனை எடுத்துக்கொண்டோம்: மூன்று கறுப்பு, எட்டு வெள்ளை. முழுதாக எரிய ஆக்சிஜன் ஐந்து ஜோடி, அதாவது பத்துச் சிவப்பு வேண்டும். மூன்று கரியமில வாயு, நான்கு தண்ணீர். குளிர்ந்த பாத்திரத்தை அடுப்பில் ஏற்றியதும் அடியில் ஈரம் பூத்து மறையுமே, அதில் இந்தத் தண்ணீர்தான் இருக்கிறது. பாத்திரம் ஒழுகுகிறதோ என்று நானே சந்தேகப்பட்டதுண்டு.

இப்போது ஒரு ஜோடிச் சிவப்பை எடுத்து ஒளித்துவைத்தேன். எட்டுதான் இருக்கிறது. ஹைட்ரஜனுக்கு முதலில் கொடு என்றேன். நான்கு தண்ணீருக்கு நான்கு போனது. மீதி நான்கை மூன்று கறுப்புக்குப் பங்கிட வேண்டும். ஒன்றுக்கு இரண்டு, மற்ற இரண்டுக்கும் ஒவ்வொன்று. அந்த ஒற்றைச் சிவப்புக்காரர்கள் கார்பன் மோனாக்சைடு. மூடிய அறையில் ஆளைக் கொல்கிற வாயு.

இன்னொரு ஜோடியையும் எடுத்தேன். தண்ணீருக்கு நான்கு போக மிச்சம் இரண்டு. இரண்டு கறுப்புக்கு ஒவ்வொன்று கிடைத்தது. ஒரு கறுப்பு மொட்டையாக நின்றது.

“இது?”

பர்னர் அடைத்துக்கொண்டு மஞ்சளாக எரிந்த நாளில் கரிப்பிடித்த பாத்திரத்தைக் காட்டினேன். நிஜச் சுடரில் பங்கீடு இவ்வளவு ஒழுங்காக நடக்காது. ஆனால் ஆக்சிஜன் குறைந்தால் கரியும் விஷமும் ஏன் வருகின்றன என்பது அந்த மொட்டைக் கறுப்பில் தெரிந்துவிடுகிறது.

கட்டை பொய்யும் சொல்லும். ஒரு கார்பனுக்கு நான்கு கைதான் என்பது அதற்குத் தெரியாது; ஆறு வெள்ளையை மாட்டினாலும் மாட்டிக்கொள்ளும். அந்த விதியை நாம்தான் காவல் காக்க வேண்டும். ஆக்சிஜன் அணு ஹைட்ரஜனைப் போல் சுமார் 16 மடங்கு கனம்; தராசில் லெகோ அப்படி நிற்காது. தண்ணீரின் 104.5 பாகைக் கோணத்துக்கும் வழியில்லை, கட்டைக்குச் செங்கோணம்தான் வரும். ஹோஃப்மானுக்கும் இதே சிக்கல்: அவருடைய மீத்தேன் கூட்டல் குறிபோலத் தட்டையாகக் கிடந்தது. நான்கு கைகளும் நான்முகியின் மூலைகளை நோக்கி நீள்கின்றன என்று வான்ட் ஹாஃப், லே பெல் என்ற இரண்டு வேதியியலாளர்கள் தனித்தனியே சொன்னது 1874இல்தான்.

பெரிய பொய் வேறிடத்தில். கட்டையைப் பிரிக்க நகம் வலிக்கிறது. பிணைப்பை உடைக்கவும் ஆற்றல் கொடுத்தாக வேண்டும். உடைத்தால் ஆற்றல் வரும் என்று பரீட்சையில் எழுதுகிற பிள்ளைகளுக்கு நான் இந்தக் கட்டையைத்தான் கொடுப்பேன். ஆனால் சேர்க்கும்போதும் நாம்தான் அமுக்குகிறோம். அணுக்கள் சேரும்போது ஆற்றல் வெளியே வரும். புரோப்பேன் எரியும்போது, பிரிக்கக் கொடுத்ததைவிடச் சேரும்போது வருவது அதிகம். அந்த உபரியில்தான் நம் டீ கொதித்தது. இதை எந்தக் கட்டையும் காட்டாது. கொதித்துச் சுண்டிப்போன டீயைத்தான் காட்டினேன்.

அவள் ஒரு கட்டையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். “இந்தப் பிளாஸ்டிக்கே எதால செஞ்சது?”

“அக்ரிலோநைட்ரைல், பியூட்டடையீன், ஸ்டைரீன். மூணையும் சேர்த்துச் செஞ்ச பிளாஸ்டிக். கார்பன், ஹைட்ரஜன், கூடவே நைட்ரஜன்.”

“நைட்ரஜனுக்கு அவர் என்ன கலர் வச்சாரு?”

“நீலம்.”

டப்பாவை மேசையில் கவிழ்த்தாள்.